எலும்பு பிறந்த திகதி சொல்லாது



அகதிப் பிள்ளைகளின் வயதை எக்ஸ்றேயும் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் எடுத்து முடிவு செய்யலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எங்கட ஆக்களுக்குள்ளேயே ஒரு குரல் கேட்குது. "அது நல்லது தானே? இமிகிரேஷன்காரன் மூஞ்சையைப் பார்த்துச் சொல்லுறதை விட விஞ்ஞானம் சொல்லுறது மேல் தானே? உண்மையான பிள்ளை எண்டால் பயப்பிட என்ன இருக்கு?" இப்படிக் கேட்பவர்கள் வலதுசாரிகள் இல்லை. பிள்ளைகளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நினைக்கிற எங்கட தம்பி தங்கச்சிமார்தான். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

நான் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் றேடியோகிராபர். எலும்பு, மூட்டு, தசை, இவற்றைப் படம் எடுப்பது என் தொழில். அந்தத் தொழிலுக்குள் நின்றே சொல்கிறேன்: இந்தச் சோதனை பிள்ளைகளைக் காப்பாற்றாது. அரசு கேட்கிற கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் அரசு தனக்கு வசதியான பதிலை எழுதிக்கொள்கிறது.

படத்தில் என்ன தெரியும்?

வளர்கிற பிள்ளையின் நீண்ட எலும்புகளின் நுனிக்கருகே வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கு. எக்ஸ்றேயில் குருத்தெலும்பு வெள்ளையாகத் தெரியாது. எலும்புத் தண்டுக்கும் நுனிக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். பருவம் முதிர முதிர அந்தக் கோடு ஒடுங்கி, கடைசியில் இரண்டு பக்கமும் ஒட்டிப்போகும். ஒட்டினால் வளர்ச்சி முடிந்தது. உடம்பு முழுக்க இது ஒரே நாளில் நடப்பதில்லை. முழங்கால், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றும் தன் தன் நேரத்தில் ஒட்டும். காறை எலும்பின் நெஞ்சுப் பக்க முனை எல்லாவற்றுக்கும் கடைசி; அது முழுதாக ஒட்ட இருபது வயது தாண்டிவிடும்.

ஆஸ்பத்திரியில் இதை எதற்குப் பாவிக்கிறோம்? ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லை, அல்லது சின்ன வயதிலேயே பருவம் வந்துவிட்டது என்று ஹோர்மோன் டொக்டர் அனுப்புவார். இடது கையை எக்ஸ்றே எடுப்போம். பிறந்த திகதி பைலில் இருக்கும். பிள்ளைக்கு 10 வயது, எலும்பு 8 வயதுப் பிள்ளையினது போல இருக்கிறது என்றால் அந்த இரண்டு வயது வித்தியாசத்தில்தான் டொக்டருக்குச் செய்தி இருக்கு. அதை வைத்து மருந்து கொடுக்கலாம், காத்திருக்கலாம். எலும்பும் வயதும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும் என்பதால்தான் இந்தச் சோதனையே இருக்கு.

எல்லையில் இதைத் தலைகீழாக்குகிறார்கள். அங்கே தெரியாதது வயது. எலும்பைப் பார்த்து வயதைச் சொல் என்கிறார்கள். எலும்பும் வயதும் பொருந்தாமல் போவதைக் கண்டுபிடிக்க உருவான கருவியை, இரண்டும் எப்போதும் பொருந்தும் என்ற நினைப்பில் பாவிக்கிறார்கள்.

ஒஹாயோவின் வெள்ளைப் பிள்ளைகள்

கை எக்ஸ்றேயை எதோடு ஒப்பிடுகிறார்கள்? கிரூலிக், பைல் என்ற இரண்டு பேர் 1950 இல் வெளியிட்ட ஒரு படத்தொகுப்போடு. 1959 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க மேசையில் இருப்பது அதுதான். அதிலுள்ள படங்கள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாண்ட் நகரத்தில், 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் எடுத்தவை. பிள்ளைகள் வசதியான வெள்ளைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காசு கொடுத்தது பிரஷ் அறக்கட்டளை. மின்வில் விளக்கை (ஆர்க் லாம்ப்) மேம்படுத்திப் பணக்காரரான சார்ல்ஸ் பிரஷ் 1928 இல் அதைத் தொடங்கியது 'நல்ல' மனித இனத்தை உருவாக்குகிற யூஜெனிக்ஸ் நோக்கத்தோடு.

அந்தப் படத்தொகுப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. நானே வேலையில் தினம் தினம் அதன் பயனைப் பார்க்கிறேன். ஆனால் அது அந்தப் பிள்ளைகளின் எலும்பு பற்றிய பதிவு. 2009 இல் 'ரேடியாலஜி' இதழில் வந்த ஒரு லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு, அங்குள்ள ஆசிய, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளின் எலும்பு வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளினதை விட முந்தி முதிர்வதாகக் காட்டியது. ஊட்டக்குறைவும் நீண்ட நோயும் எலும்பைப் பிந்த வைக்கும். பசியோடு வளர்ந்த பிள்ளையின் கையை கிளீவ்லாண்ட் பணக்காரப் பிள்ளையின் கையோடு வைத்து வயது சொல்வதை எந்த நல்ல டொக்டரும் சத்தியம் பண்ணிச் செய்யமாட்டார்.

சரி, ஒரே ஊர், ஒரே வசதி என்றே வைத்துக்கொள்ளுங்கோ. பதின்ம வயதில் எலும்பு வயதின் இயல்பான பரவல் சராசரிக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ இரண்டு வருடம். அதாவது நாலு வருட இடைவெளிக்குள் எங்கே நின்றாலும் அந்தப் பிள்ளை சாதாரணப் பிள்ளைதான். வழக்கோ 17 ஆ 18 ஆ என்பதில். மீட்டர் கோலால் மில்லிமீட்டர் அளக்கச் சொல்வது மாதிரியான வேலை.

இன்னொன்றும் இருக்கு. கோடு ஒட்டினபிறகு படம் மாறாது. 16 வயதில் ஒட்டினவனின் மணிக்கட்டும் 30 வயதுக்காரனின் மணிக்கட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தத் தொகுப்பில் ஆண்பிள்ளைகளுக்கான கடைசிப் படத்தின் கீழே 19 வயது என்று போட்டிருக்கு. அதற்கு அர்த்தம், அங்கே படங்கள் முடிகின்றன என்பதுதான். இந்தப் படம் போல இருப்பவன் எல்லாம் 19 க்கு மேல் என்பதல்ல.

அந்த வித்தியாசத்துக்காகச் சிறை போனவர்கள்

இந்த வித்தியாசத்தை விளங்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை அவுஸ்திரேலியா காட்டியது. 2008 இலிருந்து அகதிப் படகுகளில் வந்த இந்தோனேசியப் பணியாளர்கள் மேல் ஆட்கடத்தல் வழக்குப் போட்டார்கள். அதில் கனபேர் ஏழை மீனவக் குடும்பத்துப் பெடியன்கள். சமைக்கவும் படகில் எடுபிடி வேலைக்கும் கூட்டிவரப்பட்டவர்கள். வயது வந்தவர் என்றால் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை 5 வருடம். பிள்ளை என்றால் ஊருக்குத் திருப்பி அனுப்புவது வழக்கம். நடுவில் நின்றது ஒரு மணிக்கட்டு எக்ஸ்றே. "கடைசிப் படம் போல இருக்கு, ஆகவே 19" என்று நிபுணர் நீதிமன்றத்தில் சொன்னார். பிள்ளைகள் வளர்ந்த ஆண்களின் சிறைக்குப் போனார்கள்.

2012 இல் அவுஸ்திரேலிய மனித உரிமை ஆணைக்குழு இதை முழுதாக விசாரித்து, 18 வயதுக்கு மேலா கீழா என்று சொல்ல மணிக்கட்டு எக்ஸ்றே உதவாது என்று எழுதியது. பிறகு தண்டனைகள் சில நீதிமன்றத்தில் ரத்தாகின. 2023 இல் அந்த அரசு 27.5 மில்லியன் டொலர் நட்டஈடு தர ஒப்புக்கொண்டது. "விஞ்ஞானம் பொய் சொல்லாது" என்பவர்கள் இந்தக் கதையை ஒருக்கால் வாசிக்க வேண்டும். எக்ஸ்றே பொய் சொல்லவில்லை. அதைப் பார்த்துப் பேசினவர்கள்தான் அது சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னார்கள்.

"அது பழைய எக்ஸ்றே, இப்ப எம்.ஆர்.ஐ. இருக்கு" என்று ஒருவர் எழுந்து சொல்வார். சுவீடன் 2017 இல் அதைத்தான் செய்தது. முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஞானப்பல்லை எக்ஸ்றே எடுத்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு இரண்டில் ஒன்று முதிர்ந்திருந்தாலே போதும். 18 க்கு மேல் என்று கருத இடமிருக்கிறது என அறிக்கை போகும். பெரும்பாலும் ஆப்கான் பெடியன்கள்.

கணக்குக் கொஞ்சம் பாருங்கோ. ஒரு விளக்கத்துக்காக, 100 பேர் 17 வயதுப் பிள்ளைகள் என்று வையுங்கோ. முழங்கால் சோதனை அதில் 10 பேரைப் பிழையாகப் பெரியவர் என்கிறது. பல் சோதனை வேறு 10 பேரைப் பிழையாகச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு என்றால் பிழை குறையும். எது ஒன்று என்றாலும் போதும் என்றால் பிழை 20 ஆகக் கூடும். இரண்டாவது சோதனை பிள்ளைக்குக் காவலாக வரவில்லை. பிள்ளையைப் பிடிக்க இரண்டாவது வலையாக வந்தது. காந்தம் எவ்வளவு பெரிது, படம் எவ்வளவு தெளிவு என்பதெல்லாம் இங்கே கேள்வியே இல்லை. சந்தேகம் வந்தால் அது யார் பக்கம் சாயும் என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது மெஷின் இல்லை, மந்திரி.

பிரித்தானியாவுக்கு இது புதிதில்லை

இங்கே வளர்ந்த எங்கட பிள்ளைகளுக்கு இந்த வரலாறு யாரும் படிப்பிப்பதில்லை. 1979 பெப்ரவரியில், ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு இந்தியப் பெண்ணுக்குக் கன்னித்தன்மைச் சோதனை செய்ததை கார்டியன் பத்திரிகை வெளியே கொண்டுவந்தது. அதே காலத்தில் தென்னாசியாவிலிருந்து பெற்றோரிடம் வர விண்ணப்பித்த பிள்ளைகளின் வயதைச் சோதிக்க எலும்பு எக்ஸ்றே எடுப்பதும் அம்பலமானது. குடும்பத்தோடு சேர வந்த பிள்ளையிடம் "நீ சொல்லுற வயது பொய், எலும்பைக் காட்டு" என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 1982 இல் எக்ஸ்றேயை நிறுத்தினார்கள். பெண்ணுடம்பையும் பிள்ளையின் எலும்பையும் திறந்து பார்த்தது ஒரே அரசு, ஒரே சந்தேகம்.

நாற்பது வருடம் கழித்து, 2022 இன் தேசியமும் எல்லைகளும் சட்டம் அந்தக் கதவைத் திரும்பத் திறந்தது. அதன்படி, நியாயமான காரணம் இல்லாமல் 'விஞ்ஞான' முறைக்குச் சம்மதிக்காத பிள்ளையின் நம்பகத்தன்மைக்கு அது கேடு. அரசே நியமித்த விஞ்ஞான ஆலோசனைக் குழு 2023 ஜனவரியில் அறிக்கை தந்தது. வயதைப் பிழையில்லாமல் சொல்லும் முறை எதுவும் இல்லை என்று அதுவே ஒத்துக்கொண்டது. சம்மதிக்க மறுத்தால் அதிலிருந்து தானாக எந்த விளைவும் வரக்கூடாது என்றும் சொன்னது. அதே வருடம் வந்த சட்டவிரோதக் குடியேற்றச் சட்டம், மறுக்கிற பிள்ளையை வளர்ந்தவராகவே கொள்ள அதிகாரம் எழுதிக்கொண்டது. விஞ்ஞானி சொன்னதில் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்தார்கள். அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை அடுத்து வந்த அரசு கைவிட்டது. 2022 சட்டம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நான் ஒருவரை ஸ்கான் மேசையில் ஏற்றமுதல் "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. "வேண்டாம் என்றால் நீ பொய்யன்" என்று நான் சொன்னால் என் பதிவு பறிபோகும். எல்லையில் அதே சொல் சட்டம்.

கதிர்வீச்சைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மணிக்கட்டு எக்ஸ்றேயின் அளவு மிகச் சிறிது. ஒரு நாளில் இயற்கையாக எங்கள் மேல் படுவதை விடக் குறைவு. அதைக் காட்டிப் பயமுறுத்துவது எங்கட வேலை இல்லை. ஆனால் எங்கட தொழிலின் முதல் சட்டம், ஒவ்வொரு கதிரும் படுகிற ஆளுக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும் என்பது. இந்த எக்ஸ்றேயால் அந்தப் பிள்ளைக்கு என்ன நன்மை? வலி இல்லை, நோய் இல்லை, மருந்து இல்லை. அதனால்தான் 2024 இல் இதற்கென்றே தனி நியாயப்படுத்தல் விதிகள் போட வேண்டி வந்தது.

எங்கட உடம்புக்குள் இருப்பது

இது ஆப்கான், சூடான் பிள்ளைகளின் பிரச்சினை, எங்களுக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு: 2009 மே மாதத்துக்கு முன்பின் வன்னியில் பிறந்த பிள்ளைகள் இப்போதுதான் பதினெட்டைத் தொடுகிற வயது. பதுங்குகுழிக்கும் முகாமுக்கும் நடுவில் பிறந்தவர்களின் பதிவு தொலைந்தது, பிந்தினது என்பது எங்கட வீடுகளில் தெரியாத கதையா?

எம்.ஆர்.ஐ. எடுக்கமுதல் எல்லாரிடமும் நாங்கள் கேட்கும் கேள்வி: "உடம்பில் உலோகம் ஏதும் இருக்கா?" அந்தக் காந்தம் உள்ளே இருக்கிற இரும்பை அசைக்கும், சூடாக்கும். எங்கட சனத்துக்கு அந்தக் கேள்வி என்ன என்று தெரியும். இன்றைக்கும் ஷெல் பீஸ் தோளிலும் தொடையிலும் முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலும் இருக்கிற மனிதர்கள் எத்தனை பேர். எக்ஸ்றேயில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். போர் அந்தப் படத்தில் இருக்கு. எல்லையில் அதை ஒருவரும் கேட்பதில்லை. வளர்ச்சித் தட்டு ஒட்டிவிட்டதா என்று மட்டும் கேட்பார்கள்.

உடம்பு எங்கட பக்கம் சாட்சி சொன்னால் என்ன நடக்கும் என்றும் பார்த்தோம். தீர்ப்பில் கே.வி. என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒரு இலங்கைத் தமிழர், சூடான இரும்புக் கம்பியால் சுட்ட வடுக்களோடு புகலிடம் கேட்டார். வடுக்கள் அவர் சொல்வதோடு ஒத்துப்போகின்றன என்று டொக்டர் எழுதினார். 2014 இல் மேல் தீர்ப்பாயம் என்ன சொன்னது? அவரே சம்மதித்து ஆள் வைத்துச் சுட்டிருக்கலாம் என்று. 2019 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, அப்படித் தன்னைத்தானே சுடுவிப்பது மிக மிக அரிது என்பதற்கு உரிய கனம் கொடுக்கவேண்டும் என்றது. அதற்குள் அவர் இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கோ. முதுகிலுள்ள வடு அகதிக்குச் சாதகம் என்றால், "டொக்டர் சொன்னால் போதாது". மணிக்கட்டிலுள்ள ஒரு கோடு அகதிக்குப் பாதகம் என்றால், "விஞ்ஞானம் சொல்லிவிட்டது". உடம்பு அதே உடம்புதான்.

இரண்டு எதிர்வாதம்

"வளர்ந்த ஆம்பிளையைப் பிள்ளைகளோடு வைக்கலாமா?" நியாயமான பயம், தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் இரண்டு பிழையையும் ஒப்பிடுங்கோ. 19 வயதுக்காரர் ஒருவர் பிள்ளைகளுக்கான பராமரிப்புக்குள் வந்தால் அங்கே சமூகப் பணியாளர் இருக்கிறார், வளர்ப்புக் குடும்பம் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. பார்க்க, திருத்த, வேறு இடம் மாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். 16 வயதுப் பிள்ளை வளர்ந்தவர்களின் ஹோட்டலில், முன்பின் தெரியாத ஆணோடு ஒரே அறையில் போடப்பட்டால், அங்கே பார்க்க ஒருவரும் இல்லை. கதவு பூட்டினால் பூட்டினதுதான்.

"அப்ப அதிகாரி மூஞ்சையைப் பார்த்துச் சொல்லுறது சரியா?" அதுவும் சரியில்லை. ஆனால் எக்ஸ்றே அல்லது மூஞ்சை என்று இரண்டே வழி இருப்பதாக யார் சொன்னது? 2003 இல் மேர்ட்டன் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில், தோற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, பிள்ளையின் கதையைக் கேட்க வேண்டும், சந்தேகத்துக்குப் பதில் சொல்ல இடம் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மிச்சத்தில் இருக்கிற எங்கட சனம் கவுன்சில் வரி கட்டுகிற அதே மேர்ட்டன். அந்த வழி மெதுவானது, ஆட்களும் காசும் தேவை. அதற்குக் காசில்லை என்று சமூகப் பணியாளர்களை வெட்டிவிட்டுத்தான் ஸ்கானைக் கொண்டுவருகிறார்கள். பிள்ளை உரிமைக்கான ஐ.நா. குழு 2017 இல் எலும்பு, பல் சோதனைகளைத் தவிர்க்கும்படி அரசுகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இப்போது எலும்பிலிருந்து முகத்துக்கே திரும்புகிறார்கள். 2025 ஜூலையில் பிரித்தானிய அரசு, போட்டோவைப் பார்த்து வயது கணிக்கிற செயற்கை நுண்ணறிவுதான் செலவு குறைந்த வழி என்றது. கதிர்வீச்சு இல்லை, காந்தம் இல்லை என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். பாலைவனமும் கடலும் தாண்டி, தூக்கமில்லாமல் வந்த முகம் எந்த மெஷினுக்கும் மூத்ததாகத்தான் தெரியும். அதுவும் ஒரு பரவல்தான், அதிலும் சந்தேகம் அரசின் பக்கம்தான் சாயும்.

செய்ய வேண்டியது

சுகாதாரத் துறையில் வேலை செய்கிற தோழர்களே, படிக்கிற பிள்ளைகளே: இந்தப் படத்தை எடுக்க ஒரு கை வேண்டும், வாசிக்க ஒரு கண் வேண்டும். அவை எங்களுடையவை. ஆஸ்திரேலிய வழக்குகளில் ஒரு நிபுணர் "இதை என்னால் சொல்ல முடியாது" என்று சொல்லியிருந்தால் போதும். யூனிசனிலோ யுனைட்டிலோ உங்கள் தொழிற்சங்கக் கிளையிலோ, வயது தீர்மானிக்கப் படம் எடுக்கமாட்டோம் என்ற தீர்மானத்தைக் கொண்டுபோங்கோ. தனியாக மறுத்தால் வேலை போகும். சேர்ந்து மறுத்தால் சோதனை போகும்.

மொழிபெயர்ப்புக்குப் போகிறவர்கள்: சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கமுதல் சொலிசிட்டர் வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லித் தாருங்கோ. மறுக்கும் உரிமை இருக்கு; காரணத்தோடு, எழுத்தில் மறுக்க வேண்டும். பிரான்ஸில் இருக்கிற தோழர்களுக்கு: 2019 மார்ச்சில் அங்கத்தைய அரசியலமைப்பு மன்றம் எலும்புச் சோதனையை அனுமதித்தாலும், சந்தேகத்தின் நன்மை பிள்ளைக்கே, மறுத்ததை மட்டும் வைத்து வளர்ந்தவர் என்று முடிவு கட்டக்கூடாது என்றது. அந்த வரிகளைக் கையில் வைத்திருங்கோ.

ஊரில் சொந்தம் இருக்கிறவர்கள் காகிதம் தேடுங்கோ. பள்ளிக்கூட றிப்போட், தடுப்பூசி போட்ட கிளினிக் கார்ட், கோயிலில் எழுதின சாதகக் குறிப்பு எல்லாம். எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் பிள்ளை பிறந்த நாளும் நாழிகையும் அன்றைக்கே எழுதி வைத்த தாள் அது. ஒஹாயோப் படத்தை விட அதற்கு அந்தப் பிள்ளையைத் தெரியும்.

கடைசியாக, எங்கட வாயிலிருந்து "உண்மையான பிள்ளை" என்ற சொல்லை எடுப்போம். அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் பொய்ப் பிள்ளை ஒன்று எங்கேயோ இருக்கு, அதைப் பிடிக்க மெஷின் வேண்டும் என்று நாங்களே ஒத்துக்கொள்கிறோம். வந்து நிற்கிறவன் 17 என்று சொன்னால், 17 என்று எழுதி, சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, பிறகு ஆறுதலாகக் கேட்கட்டும். 18 என்று தெரியவந்தால் அவருக்கும் சாப்பாடும் படுக்கையும் வேண்டியதுதான்.

தோழமையுடன்,
தெற்கு லண்டனிலிருந்து ஒரு றேடியோகிராபர்